கூட வந்தது யாரு?

அலுவலகத்துச் சுழல்கதவு மூன்றாம் முறையாகப் பாதியில் நின்று, "ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்" என்று சொல்லி மேலாளரை வெளியே தள்ளியது.

"நோட்டுல எழுதணும் சார். கூட வந்தது யாரு?" என்றார் காவலாளி.

"யாருமில்லய்யா! நீயே பாத்தேல்ல?"

பார்த்தார்தான். அதனால்தான் அவருக்குத் தலை சுற்றியது. மேலாளருக்குப் பின்னால் ஊழியர்கள் திரண்டுவிட்டார்கள். கதவு மெக்கானிக் வந்து சோதித்தார்.

"கதவு சரியாத்தான் இருக்கு. ஆள் பதிஞ்ச எடையைவிடத் தரையில எடை ரொம்பக் கூடினா, ரெண்டு பேருன்னு எடுத்துக்கும். நுழைவு அட்டைக்கான படிவத்துல உங்க எடை எவ்வளவுன்னு எழுதுனீங்க சார்?"

மேலாளர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். வயிற்றை எக்கிக்கொண்டு காவலாளியின் காதருகே குனிந்தார்.

"கூட ஒருத்தன் நுழையப் பாத்தான்னே எழுதிக்கய்யா!"