மடித்த இலை

மலாக்கா ஆற்றோரத்து வாழையிலைக் கடையில் பகல் வெயில் மேசைக்கால்கள் வரை வந்து நிற்கிறது. பெண் பார்ப்பது வீட்டில் வேண்டாம், வெளியே சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்று இரு வீட்டாரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஜாசினிலிருந்து வந்த மாப்பிள்ளைப் பையன் நிவேந்திரன், பெண்ணை இன்னும் நேராகப் பார்க்காமல் மோர் மிளகாயையே பார்த்துச் சாப்பிட்டு முடிக்கிறான். எதிரே, பெண் தேவிஸ்ரீ நிதானமாக ரசத்தை வழித்துச் சாப்பிடுகிறாள். மின்விசிறிக் காற்றில் இலை நுனிகள் படபடக்கின்றன. அவன் அவசரமாக இலையின் கீழ்ப்பாதியைத் தூக்கி எதிர்ப்பக்கமாக மடிக்கிறான். எல்லாரும் அந்த இலையைப் பார்க்கிறார்கள். அப்படி மடிப்பது துக்க வீட்டில். மனம் நிறைந்து எழுகிறவர்கள் தங்கள் பக்கமாகத்தான் மடிப்பார்கள். “டேய், என்னடா பண்ணி வச்சிருக்க?” அவன் அம்மா பல்லைக் கடிக்கிறார். “ஏன் தம்பி, பிடிக்கலையா?” என்று பெண்ணின் அப்பா சாமிநாதன் மெதுவாகக் கேட்கிறார். “ஐயோ, நல்லா இருந்துச்சு லா அங்கிள்...” அவன் பாதி எழுந்துவிடுகிறான். தேவிஸ்ரீ தன் இலையைத் தன் பக்கமாக மடிக்கிறாள். பிறகு, சாப்பிட்ட கையை அப்படியே நீட்டி, அவனுடைய எச்சில் இலையை முன்பின்னாகத் திருப்பி வைக்கிறாள். திறந்த பக்கம் இப்போது அவனைப் பார்த்து இருக்கிறது, அவன் தன் பக்கமாகவே மடித்தது போல. “போய்க் கை கழுவிட்டு வாங்க,” என்கிறாள்.