சாரதி ஆசனம்

"அந்த ஒரு பொய் மட்டும் வேணாங்க ஐயா. வேற எதை வேணும்னாலும் சொல்லுங்க, சொல்றேன்."

சட்டத்தரணி இராமநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தன் கட்சிக்காரனை ஏற இறங்கப் பார்த்தார். குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய வழக்கு என்றால் கண்டியில் பலர் அவரைத்தான் தேடி வருவார்கள். குடித்ததைச் சோதிக்க ஊதவைக்கும் பலூன் பழுது என்று வாதாடியிருக்கிறார். இருமல் மருந்து என்று வாதாடியிருக்கிறார். ஒருமுறை பழுத்த பலாப்பழம் என்றுகூட வாதாடியிருக்கிறார். பொய் வேண்டாம் என்று அடம்பிடித்த கட்சிக்காரனை மட்டும் அவர் அதுவரை கண்டதில்லை.

சதீஸ் பன்வில–கண்டி பஸ் சாரதி. வேலை நாளில் ஒரு சொட்டும் தொடமாட்டான். மச்சானின் கலியாணத்தில் மட்டும் எல்லா நாளுக்கும் சேர்த்துத் தொட்டுவிட்டான். மனைவியோடு வாடகை வானில் திரும்பி வந்தபோது, வத்தேகம பாதையில் ஒரு வளைவருகே பொலிஸார் அவனைச் சாரதி ஆசனத்தில் வைத்துப் பிடித்து, பலூன் ஊதச் சொன்னார்கள். அவன் ஊதிய காற்றில் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளுக்கே தலை சுற்றியதாகக் கேள்வி.

தீர்ப்புப் பாதகமானால் லைசன்ஸ் போய்விடும். லைசன்ஸ் போனால் பஸ்ஸும் போய்விடும்.

"இஞ்ச பாரும், திரும்பவும் சொல்லுறன்," என்றார் இராமநாதன். "நீர் குடிச்சதைப் பிரம்மா வந்தாலும் மறைக்கேலாது. ஆனா பொலிஸ் ஆக்கள் கண்டது நிண்ட வானைத்தான். ஓடினது ஆரெண்டு அவைக்குத் தெரியாது. உம்மட மனுசிதான் ஓடினவ எண்டு சொல்லுவம். விளங்குதே?"

சதீஸ் கையெடுத்துக் கும்பிட்டான். "அதைத்தாங்க வேணாங்கறேன்! அவளுக்கு லைசன்ஸே இல்லைங்களே!"

"அதுக்கு ஒரு தண்டப்பணம். கட்டிப்போட்டு வீட்ட போகலாம். உம்மட வேலை தப்பும்."

"அவ சைக்கிள்கூட மிதிச்சதில்லைங்க ஐயா. அவளைக் கூண்டுல ஏத்தாதீங்க. நானே குத்தத்தை ஒத்துக்கிறேன்."

பக்கத்தில் அவன் மனைவி தனுஜா நின்றாள். கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

சதீஸ் முகம் கழுவப் போன நேரம் பார்த்து இராமநாதன் அவளிடம் குனிந்தார்.

"பிள்ளை, உம்மட புருசன் தங்கமான மனுசன். ஆனா சத்தியத்தை வைச்சு அரிசி வாங்கேலாது. நான்தான் ஓடினனான் எண்டு கூண்டில ஏறிச் சொல்லுவீரோ?"

"சொன்னா அவருக்கு வேலை போகாதுங்களா?"

"போகாது. அதுக்கு நான் பொறுப்பு."

தனுஜா கைப்பையின் வாரை விட்டாள். "சரிங்க. சொல்றேன்."

"கேள்வி கேட்டா முழிக்கக்கூடாது. நடுவில இருக்கிறது கிளச். இடப்பக்கம் பிரேக். பாடமாக்கும்."

வாழ்நாள் முழுவதும் பஸ்ஸிலேயே பயணம் செய்த அந்த மனிதரைத் தனுஜா ஒருமாதிரியாகப் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டாள்.

வழக்கு எடுக்கப்பட்டது. அன்று சதீஸைப் பிடித்த பொலிஸ் சார்ஜனை இராமநாதன் குறுக்கு விசாரணையில் பிடித்துக்கொண்டார்.

"வானை யார் ஓட்டி வந்தார் என்று கண்ணால் கண்டீர்களா?"

"வளைவில் வானின் மூக்கு தெரிந்தது. எங்களைக் கண்டதும் மூக்கு பின்னால் போய்விட்டது. நாங்கள் நடந்துபோய்ப் பார்த்தோம்."

"ஓடிப் போகவில்லையா?"

சார்ஜன் தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "ஏற்றம், ஐயா."

நீதிமன்றம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இராமநாதன் தனுஜாவைச் சாட்சிக்கு அழைத்தார்.

"ஐயோ, அவளை விட்டுடுங்க!" என்று கூண்டிலிருந்து சதீஸ் கத்தினான். நீதவான் அவனை அதட்டி அடக்கினார்.

தனுஜா நிமிர்ந்து நின்றாள். "நான்தாங்க ஓட்டினேன். அவர் குடிச்சிருந்தாரு."

பொலிஸ் தரப்பு எகத்தாளமாகக் கேட்டது: "உமக்கு ஓட்டத் தெரியுமா?"

"இடது காலுல கிளச்சுங்க. நடுவுல பிரேக்கு. அந்த ஏத்தத்துல ரெண்டாவது கியர் போட்டாத்தான் வான் ஏறும்."

இராமநாதனுக்கு வியர்த்துக் கொட்டியது. இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் பாடத்தைத் தலைகீழாக ஒப்புவிக்கிறாளே! ஆனால் நீதவான் தலையசைத்தபடி எழுதிக்கொண்டிருந்தார். அவரும் பஸ்ஸில் வருபவராக்கும் என்று இராமநாதன் மனதைத் தேற்றிக்கொண்டார்.

சதீஸ் விடுதலையானான். லைசன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்காகத் தனுஜா மீது வழக்குப் பதியுமாறு நீதவான் பொலிஸாருக்குச் சொன்னார்.

வெளியே வந்த இராமநாதனுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

"பிள்ளை, எத்தினை பொய்ச்சாட்சியைக் கண்டிருக்கிறன்! கண் இமைக்காமல் இப்பிடிச் சொன்ன ஒருத்தரைக் கண்டதில்லை. உமக்குப் பிறவியிலேயே வந்த திறமை!"

சதீஸ் மட்டும் படிக்கட்டில் தலையில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

"வெண்டுபோட்டம், இன்னும் என்ன கவலை? பொய் வேண்டாம் வேண்டாம் எண்டீர். இப்ப அந்தப் பொய்தானே உம்மைக் காப்பாத்தினது?"

"அவ எங்கங்க ஐயா பொய் சொன்னா?" என்றான் சதீஸ் அழாத குறையாக. "அன்னைக்கிப் பன்வில இருந்து அவதான் ஓட்டிக்கிட்டு வந்தா. பொலிஸ் தொப்பியைக் கண்டதும், லைசன்ஸ் இல்லாதவ மாட்டிக்கக்கூடாதேன்னு, நான்தான் அவளைத் தள்ளிவிட்டுட்டு அந்தச் சீட்டுல ஏறி உக்காந்தேன்!"