தீயணைக்கப் போன டீச்சர்

எல்லைக்கு அந்தப் பக்கம் மலையில் புகை கிளம்பிவிட்டது. சீக்கிரம் வாருங்கள் என்று வயர்லெஸ் அலறுகிறது. இங்கே தீயணைப்பு நிலையத்தின் கேப்டனோ, சின்ன சைஸ் பூட்ஸ் கிடைக்குமா என்று அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார்.

பூட்ஸ் டீச்சருக்கு. ஊரில் பாதிப்பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, கூடவே காதையும் திருகியவர் அவர். திருகிய காதுகளில் கேப்டனின் காதும் அடக்கம்.

டீச்சரின் மகளை அந்தப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. இரண்டு அரசாங்கங்களும் முறைத்துக்கொண்டதில் விசாவும் நின்றது, போனும் நின்றது. காட்டுத்தீ வந்தால் ஒருவருக்கொருவர் ஓடி வரலாம் என்ற ஒப்பந்தத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. தீக்கு ஏது விசா? மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்பதே அந்தப் பக்கத்துக் கேப்டன் வயர்லெஸ்ஸில் சொல்லித்தான் டீச்சருக்குத் தெரியும்.

"செக்போஸ்ட்டுல மாட்டினா என் வேலை போயிடும் டீச்சர். அங்க இருக்கறது அவர்தானே, ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கலாமே?"

"அந்த மனுஷன்கிட்டயா? கேட்டாச்சு. சட்டம்னா சட்டம்தான், போய் வேலையைப் பாருன்னுட்டார். என் பேத்தியை நான் பார்க்காம விடமாட்டேன். பூட்ஸைக் குடு."

ஹெல்மெட் கண்வரை இறங்கியது. மிச்ச முகத்தை முகமூடி மறைத்தது. வழியில் என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று கேப்டன் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். அந்தக் குரலைக் கேட்டால் பாதி ஊருக்கு இன்றைக்கும் எழுந்து நிற்கத் தோன்றும்.

செக்போஸ்ட் அதிகாரிக்கு ஊர் வைத்த பெயர் பூட்டு. பாஸ்போர்ட்டில் தேதி முடிந்துவிட்டது என்று சொந்தத் தம்பியையே கேட்டோடு திருப்பி அனுப்பிய புண்ணியவான்.

வண்டியை மறித்தார். ஒவ்வொருவராக முகமூடியை இறக்கிக் காட்டச் சொன்னார். காடு எரிகிறது சார் என்று கேப்டன் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. டீச்சரின் முறை வந்தது.

பூட்டு முகமூடியைத் தொடவில்லை. குனிந்து காலைப் பார்த்தார்.

"இந்த ஆளுக்கு லேஸ் அவுந்து கிடக்கு. கட்டிவிட்டுக் கூட்டிட்டுப் போங்க."

கேட் திறந்தது. தப்பித்தோம்டா சாமி என்று கேப்டன் வண்டியைப் பறக்கவிட்டார்.

மலையில் அந்தப் பக்கத்துக்காரர்களின் டேங்கில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. இவர்கள் குழாயைப் பிடித்தார்கள். அவர்கள் தீ போகிற வழியில் சருகை வாரி ஒதுக்கினார்கள். டீச்சர் சும்மா நிற்கவில்லை. பச்சைக் கிளையை ஒடித்துத் தானும் நாலு அடி அடித்தார். அங்கே புகைகிறதே, கண் எங்கே இருக்கிறது என்று இரண்டு நாட்டு ஆட்களையும் ஒரே மாதிரி விரட்டினார்.

தீ அடங்கியதும் அந்தப் பக்கத்துக் கேப்டன் அவரை ஜீப்பில் ஏற்றி, அடிவாரத்தில் இருந்த மகள் வீட்டுக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்தபோது டீச்சரின் கன்னத்துக் கரியில் கண்ணீர் கோடு போட்டிருந்தது. கேட்டதற்கு, எல்லாம் புகை என்றார். கேப்டனுக்கும் கொஞ்சம் புகை பட்டது.

சாயங்காலம் செக்போஸ்ட்டில் பூட்டு மறுபடியும் கையைக் காட்டினார். எல்லோரையும் இறங்கச் சொன்னார்.

இந்த முறை மற்றவர்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக டீச்சரிடம் வந்து, முகமூடியைத் தன் கையாலேயே இறக்கினார். வேலை போச்சு, பென்ஷனும் போச்சு என்று கேப்டன் கண்ணை மூடிக்கொண்டார்.

பூட்டு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"குழந்தைக்கு மூக்கு உன்னுதா, என்னுதா?"