சிவப்பு முனை

தேஜான் பள்ளியின் அறிவியல் போட்டியில், பழைய கணினி விசிறியில் இரண்டு காந்தங்களை ஒட்டி, நீர் கலக்கும் கருவி செய்திருக்கிறாள் சோல்மி. விசிறி சுற்றுகிறது, மேலே வைத்த குடுவை நீரில் போட்ட காந்தக் குச்சியோ சுழலாமல் டகடகவென்று துள்ளுகிறது. அவள் நிறுத்திவிட்டுக் குடுவையைத் தூக்கியதும், இரண்டு காந்தத்திலும் சிவப்பு முனையே மேலே இருப்பதைப் பக்கத்து மேசைத் தோழி போரா பார்த்துவிடுகிறாள். ஒன்றைப் புரட்டி ஒட்டினால் போதும். “எங்கடி தப்பு? நடுவர் வந்துட்டாங்கடி,” என்று பதறுகிறாள் சோல்மி. “வேகம் பத்தலடி, முழுசா கூட்டு,” என்கிறாள் போரா. சோல்மி கூட்டுகிறாள். குடுவை அதிர்ந்து நகர்ந்து, கீழே விழுந்து நொறுங்குகிறது. “உன் ஃப்ரெண்டாம்மா?” என்று போராவிடம் கேட்கிறார் நடுவர். “சும்மா கூடப் படிக்கிறவ, மிஸ்.” போராவின் காலடியில் மண்டியிட்டுக் கண்ணாடி பொறுக்கும் சோல்மியின் கை ஒரு கணம் நிற்கிறது. போரா தன் கருவியை ஓடவிடுகிறாள். நீர் சத்தமே இல்லாமல் சுழிக்கிறது.