ஹெட்டியின் மரம்

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் அந்தப் பாதையோரத்து ஆஷ் மரங்கள் எல்லாம் பூஞ்சை நோய் பிடித்து நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தன. ஹெட்டியின் மரம் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. குடலிறக்கத்தோடு பிறந்த அவளை, கன்றாக இருந்த அந்த மரத்தைப் பிளந்து, பிளவுக்குள் நுழைத்தெடுத்து, மரத்தைக் கட்டி வைத்தார்கள். மரத்தின் பிளவு கூடினால் பிள்ளை பிழைக்கும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. மரம் கூடியது. தழும்பு இன்னும் இருந்தது. ஹெட்டிதான் பிப்ரவரியில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள்.

அதன்பின் தினமும் காலையில் அவளுடைய தேநீர்க் கோப்பை, யாரோ குடித்து வைத்ததுபோல், மேசைமேல் ஈரமாக இருந்தது. அவள் கணவன் காலெப் அதைத் துடைத்துக் கொக்கியில் மாட்டுவான். யாரிடமும் சொல்லவில்லை.

மரத்தைப் பார்த்தால்தான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவ மண்ணுக்குள்ள கெடக்கா, இதுக்குத் தளிர் ஒரு கேடு!” என்றான் மாமியாரிடம்.

“அதைத் தொடாதேப்பா. அது நிக்கிறவரைக்கும் அவ இங்கதான் இருக்கா.”

“அப்ப கல்லறையில யாரைப் பொதைச்சோம், உங்க பூனையையா?”

நோய்மரம் வெட்ட வருகிறவர்கள் ஆரஞ்சுக் குறி போட்டதைத்தான் வெட்டுவார்கள். காலெப் சாயம் வாங்கி வந்து, தழும்பின் மேலேயே குறி போட்டான்.

“நல்லாத்தானே இருக்கு தம்பி? விதைக்கு விடலாமே,” என்றார் ரம்பக்காரர்.

“குறி இருக்கா இல்லையா? வெட்டுங்க.”

வெட்டினார்கள். உள்ளே நோயின் கறையே இல்லை.

மறுநாள் காலையில் காலெப் துடைக்கும் துணியோடு போனான். கோப்பை மாட்டிய இடத்திலேயே தொங்கியது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். பிப்ரவரியிலிருந்து யாருமே தொடாததுபோல் தூசி படிந்திருந்தது.