விசாரிக்க வந்தவர்

"சேரன்னு ஒரு பையன், ரஷ்யாவுக்குப் போய்ட்டு வந்தவன். ஆளு எப்படிம்மா?"

டீயை ஆற்றிக்கொண்டிருந்த செண்பகத்தின் கை ஒரு நொடி நின்றது. கேட்டவரை ஏற இறங்கப் பார்த்தாள். அறுபது வயது இருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை. மடியில் ஒரு துணிப்பை. யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடப் போவதுபோல் அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

பெண் வீட்டுக்காரர். சந்தேகமே இல்லை. பைக்குள் இருப்பது ஜாதகம்.

ஒலக்கூர் பஸ் நிறுத்தத்தில் பன்னிரண்டு வருஷமாகக் கடை வைத்திருப்பவளுக்கு இது தெரியாதா? மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் தாங்கள் யாரென்று சொல்ல மாட்டார்கள். கடைக்காரரும் கேட்கக் கூடாது. அதுதான் மரியாதை.

சேரனுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் கைநழுவிப் போயிருந்தது. எதிர் பஞ்சர் கடைக்காரன், விசாரிக்க வந்தவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைத்தான். சண்டைக்குப் போனவன், பட்டாசு வெடித்தால்கூட நடுங்குகிறவன் என்று. சேரனின் அம்மா பூமாலை இந்த அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அழுததைச் செண்பகம் மறக்கவில்லை. இந்தத் தடவை விடுவதாக இல்லை.

"தங்கமான பையனுங்க. அவனால யாருக்கும் ஒரு பேஜாரு கெடையாது."

"பட்டாளத்துல இருந்தானாமே? துப்பாக்கி தூக்கிக்கினு முன்னால நின்னு சண்டை போட்டானாமே?"

"யாரு சொன்னது?" என்று சீறினாள். "சமையல் வேலைக்குப் போனவன்ங்க அவன். வெங்காயம் நறுக்கிக்கினு, ரொட்டி சுட்டுக்கினு கெடந்தான். சண்டை நடந்த எடம் எங்கயோ, இவன் இருந்த எடம் எங்கயோ."

பாதி உண்மைதான். சமையல் வேலை என்று சொல்லித்தான் ஏஜென்ட் அனுப்பினான். போய் இறங்கியதும் பதினைந்து நாள் பயிற்சி கொடுத்து, கையில் துப்பாக்கியையும் கொடுத்து, பனி கொட்டும் பதுங்குகுழியில் இறக்கிவிட்டார்கள். எட்டு மாதம் காலாட்படையில் கிடந்தான். தூக்கம் வராமல் விடியற்காலையிலேயே கடைக்கு வந்து உட்காருகிற பையன், ஒருநாள் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டான். கூட இருந்தவன் ஒருவன் தன் மடியிலேயே செத்ததையும் சொன்னான். அன்று அவன் டீயைக் குடிக்கவே இல்லை.

பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளையே பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது.

"அப்ப கால்ல இருக்கிற தழும்பு? குண்டு பட்டதுன்றாங்க?"

"குண்டாவது ஒண்ணாவது! திண்டிவனம் மேம்பாலத்துல பைக்லேர்ந்து வுழுந்தான். நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கினு போய்ப் பாத்துட்டு வந்தேன்."

ஆப்பிளைச் சேர்த்துக்கொண்டது அவளுக்கே பிடித்திருந்தது.

"அங்க கூட யாராவது இருந்தாங்களா? நம்ம பக்கத்துப் பசங்க, கூட்டாளிங்க?"

ஓகோ, கெட்ட சகவாசம் உண்டா என்று துருவுகிறார். "கூட்டாளியே கெடையாதுங்க. தனியாத்தான் போனான், தனியாத்தான் வந்தான். பீடி, சரக்கு எதையும் தொட மாட்டான்."

பெரியவரின் பார்வை பஞ்சர் கடைப் பக்கம் போனது. செண்பகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அங்கல்லாம் கேக்காதீங்க. அவனுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் ஆவாது."

"சரி, சண்டையில இருந்தேன்னு அந்தப் பையனே சொல்றானாமே? அது?"

கரண்டியால் பாலைக் கிளறினாள். பிறகு சிரித்துச் சமாளித்தாள். "வெளிநாடு போய்ட்டு வந்த புள்ளைங்க. நாலு பேரு எதிர்ல பெருமைக்குக் கதை வுடறதுதான். எல்லாம் போன்ல பாத்தது."

பெரியவர் சட்டென்று நிமிர்ந்தார். "கதையா?"

"கதைதாங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. வல்லத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்துருக்கேன்."

இன்னும் சந்தேகம் தீரவில்லையா மனுஷனுக்கு? செண்பகம் அடுப்புக்கு மேலே கையை நீட்டினாள். உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பூமாலையின் முகம் நினைவுக்கு வந்தது.

"எரியற அடுப்பு மேல சத்தியம். அவன் சண்டை நடந்த பக்கமே போகல."

பெரியவரின் கண்கள் கலங்கின. பையைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. "நல்லா இருப்பம்மா" என்று அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

கல்யாணம் கூடிவிட்டது! சந்தோஷத்தில் செண்பகம் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள். "அப்புறம் என்னங்க, பொண்ணு பாக்க எப்ப வரச் சொல்றீங்க?"

"பொண்ணா?" அவர் விழித்தார். "எனக்கு ஏதும்மா பொண்ணு? ஒரே பையன்தான்."

பைக்குள் கையை விட்டு கறுப்பு மையில் அச்சடித்த ஒரு கட்டுப் பத்திரிகையை எடுத்து பெஞ்சின் மேல் வைத்தார். மேலே இருந்ததில் பட்டாள உடுப்பு போட்ட ஒரு பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அறிவுச்செல்வன். 'என் மடியிலதான் உசுரு போச்சு'ன்னு அந்தச் சேரன் பதினஞ்சு நாளைக்கு முன்ன வூட்டுக்கு வந்து அழுதுட்டுப் போனான். ஒடம்பு வரல, ஒரு கடுதாசி வரல. எனக்கு மனசு ஒப்பலம்மா, அதான் விசாரிக்க வந்தேன்." வழிந்த கண்ணீரைத் துடைக்காமல் சிரித்தார். "அப்ப எம் புள்ள உசுரோடதான இருக்கான்? நாளைக்கு வச்ச கருமாதிய நிறுத்தச் சொல்லி வூட்டுக்குப் போன் போட்டுடட்டுமா?"