காயத்துக்கு வந்த துணி

சுருளில் இருந்தவரைக்கும் அந்தக் கட்டுத்துணிக்கு ஒரே பெருமைதான். யாராவது ஒருத்தர் காயத்தை ஆற்றிவிட்டுத்தான் குப்பைக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டே கிடந்தது.

ஒருநாள் ஜெபராணி நர்ஸ் அதை வெட்டியெடுத்து, தங்கப்பழம் தாத்தாவின் மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள். மூக்கில் போட்ட குழாயை அவர் பிடுங்கிப் பிடுங்கிப் போடுகிறார், கட்டிவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"காயம் எங்கே?" என்று துணி கேட்டது.

"காயமெல்லாம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. அதற்குத்தான் நீ" என்றது கம்பி.

"அவுத்து விடு தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று தாத்தா கெஞ்சினார். ஜெபராணி முடிச்சில் கை வைத்தாள். அதற்குள் அடுத்த கட்டிலில் ஒருவருக்கு மூச்சுத் திணற, அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

"திரும்பி வந்து அவிழ்ப்பாளா?" என்று துணி கேட்டது.

"எல்லார் முடிச்சிலும் இப்படித்தான் கை வைப்பாள்" என்றது கம்பி.

தாத்தா இழுக்க இழுக்க, துணி தன்னால் ஆனமட்டும் தளர்ந்து பார்த்தது. முடிச்சு இறுகத்தான் செய்தது. சாயங்காலத்துக்குள் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

ஜெபராணி வந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு பழைய துணியை அவிழ்த்துப் போட்டாள். புண்ணில் மருந்து தடவி, அதே சுருளிலிருந்து வெட்டிய புதுத்துணியைச் சுற்றினாள்.

"நான் காயத்துக்கு வந்தவளாக்கும்" என்றது புதுத்துணி. குப்பைக்கூடையில் கிடந்த பழைய துணி கம்பியைப் பார்த்தது.

சுற்றியதுபோக மீந்த நுனியை, தாத்தாவின் முகத்தைப் பார்க்காமலே, ஜெபராணி கம்பியில் முடிச்சுப் போட்டாள்.